ஹ வரிசையைக் கிழித்தவர்

குன்னூர் மேகத்துக்கு மரியாதை தெரியாது. கதவைத் தட்டாமல் உள்ளே வரும். அன்று காலை கிரீன்வில் டீ ஃபேக்டரிக்கு வந்த மேகம்கூடக் கரிந்து கிடந்த டிரையரைப் பார்த்து வாசலோடு நின்றுகொண்டது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். துப்பறியும் ஞானசேகரன், அவருடைய உதவியாளர் ராஜி, ஃபேக்டரி மேனேஜர் கீர்த்திவாசன்.

ஞானசேகரன் அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியின் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்கிறவனை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவதாக அவருக்கு அவர்மேல் நம்பிக்கை. காப்பீட்டுக் கம்பெனி அவரை ஒரே ஒரு கேள்வியோடு அனுப்பியிருந்தது. தீ பிடித்ததா, பிடிக்க வைத்ததா? சாயங்காலத்துக்குள் அறிக்கை போக வேண்டும். ‘வைத்தது’ என்று அவர் எழுதினால், தேயிலைத் தூளைக் காயவைக்கும் டிரையரைக் கவனித்துக்கொண்டிருந்த லிங்கசாமி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேராக லாக்கப்புக்குப் போவார். போலீஸ் அதற்காகத்தான் காத்திருந்தது.

“ஃபேன் ஸ்விட்சைக் கையால அணைச்சிருக்கான் சார்,” என்றார் கீர்த்திவாசன். கோயம்புத்தூர்க்காரர். வயது நாற்பதைத் தொடவில்லை, கண்ணுக்குக் கீழே ஐம்பது. “அடுப்பு முழு வேகத்துல எரியுது. ஃபேன் ஓடினாத்தான் சூடு டிரையருக்குள்ள பரவும். ஃபேனை நிறுத்தினா சூடு போக வழியில்லாம குழாய் பழுத்து, உள்ள இருக்கற தூள் பத்திக்கும். பத்திக்கிச்சு.”

“எதுக்கு நிறுத்தினாராம்?”

“புகை வாசம் வந்துச்சாம். அது ஒரு சாக்கு சார். முந்தின நாள்தான் ஆள் குறைக்கப் போறோம்னு சொன்னேன். அவன் பேரும் அதுல இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் கத்தினான்.”

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் கொழுந்தைச் செடியிலேயே முற்ற விட்டிருந்தார்கள். ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது. மீதி நாள் ஆட்கள் வாசலில் வந்து நின்று, பெல் அடிக்காததைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

“இதுக்கு முன்னாடி இருந்த மிஷின்லயும் ஃபேனை நிறுத்தக் கூடாதுங்களா?” என்று கேட்டாள் ராஜி. முப்பது வயது. ஞானசேகரனின் மஃப்ளரைவிட அவள் நாக்கு நீளம் என்று குன்னூரில் ஒரு பேச்சு உண்டு.

“பழையதுல நிறுத்தலாம். அதுல காத்து வழி தானா மாறிக்கும். இது புதுசு. கம்பெனி ஃபிட்டர் வந்து எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனாரு.”

“யாருக்குங்க?”

“டீமேக்கருக்கு. தூள் தயாரிப்பைப் பாத்துக்கறவருக்கு.”

“அவரு எங்கீங்க?”

“நிறுத்தியாச்சு.”

“ஃபேன் மாதிரியே,” என்றாள் ராஜி.

கீர்த்திவாசன் காதில் விழாதவர்போல ஸ்விட்ச் போர்டைக் காட்டினார். அதன் பக்கத்து ஆணியில் ஒரு தடித்த புத்தகம் சணல் கயிற்றில் தொங்கியது. டிரையர் கம்பெனி கொடுத்த பராமரிப்புக் கையேடு. தமிழில்தான் இருந்தது. “தெரியலைன்னா இதைப் பாக்கலாம் இல்லைங்களா? ஃபேனை நிறுத்தக் கூடாதுன்னு இதுக்குள்ள எங்கியோ போட்டிருக்கு.”

ஞானசேகரன் புத்தகத்தைக் கழற்றிப் புரட்டினார். செங்கல் கனம். கடைசியில் ‘சொல்லடைவு’ என்று தலைப்புப் போட்டு, சொற்களை அகர வரிசையில் அடுக்கிப் பக்க எண் கொடுத்திருந்தார்கள். இன்டெக்ஸ். அதன் கடைசித் தாள் இல்லை. தையலோரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிசல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஞானசேகரனின் மூக்கு விடைத்தது.

“ராஜி, கிழிச்சிருக்கான். எந்தப் பக்கம் அவனுக்கு எதிரா சாட்சி சொல்லுமோ அதைக் கிழிச்சிருக்கான். புத்தகத்துல தேடினேன், அகப்படலைன்னு நாளைக்குக் கோர்ட்டுல சொல்லிக்கலாம்ல?”

“அவ்வளவு விவரமான ஆளு கிழிசலை மிச்சம் வெச்சுட்டா போவாருங்க?”

“வண்டியை எடு.”

.

குன்னூர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் டெட்டால் வாசமும் கஞ்சி வாசமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. லிங்கசாமி ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுப் போட்டு, மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டைகள்போல இருந்தன. எரிகிற தூள் தட்டை வெறுங்கையால் வெளியே இழுத்திருந்தார். பக்கத்தில் மனைவி அன்னம், கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிய விரல்களால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

ஞானசேகரன் உட்காரவில்லை. புத்தகத்தின் கடைசியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது யார் வேலைங்க?”

லிங்கசாமி கிழிசலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“ஃபேனை நிறுத்தறதுக்கு முன்னாடி இந்தப் புத்தகத்தைத் தொட்டீங்களா, இல்லையா?”

லிங்கசாமி கட்டுப் போட்ட கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

“சொல்லுங்க மாமா,” என்றாள் அன்னம். “கேக்கறாங்கல்ல.”

லிங்கசாமியின் காது மடல் சிவந்தது. வாய் திறக்கவில்லை.

ஞானசேகரனுக்கு அது போதுமானதாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி எத்தனை மௌனத்தைப் பார்த்திருப்பார். குரலை உயர்த்தினார். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது.

“படிக்கத் தெரியாதவன் மாதிரி முழிக்காதே. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்னு மேனேஜர் சொன்னாரு. எந்தப் பக்கத்தைக் கிழிச்சா தப்பிக்கலாம்னு தெரியற அளவுக்குப் படிப்பு இருக்கு, சோறு போட்ட மிஷினைக் கொளுத்தக் கூடாதுன்னு தெரியற அளவுக்கு இல்லியா?”

எதிர்க் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தே பார்த்தார். கதவருகில் பிளாஸ்க்கோடு நின்ற இரண்டு பெண்கள், தெரிந்தவர்கள்தான், அன்னத்தைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். அன்னம் பாதி உரித்த ஆரஞ்சை மடியில் வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. நாளைக்குப் பெரட்டில், பேர் கூப்பிடுகிற இடத்தில், எல்லாருக்கும் முன்னால் போய் நிற்க வேண்டியவள் அவள்.

வெளியே படிக்கட்டில் ராஜி வழக்கமான பேச்சு எதுவும் பேசாமல் வந்தாள். ஸ்கூட்டர் அருகே வந்ததும்தான் வாய் திறந்தாள்.

“சார், தப்புப் பண்ணினவன் உங்க கண்ணைப் பாப்பான். நீங்க எவ்வளவு கண்டுபுடிச்சிருக்கீங்கன்னு அவனுக்குத் தெரியோணும். இந்த மனுசன் தரையைப் பாத்துட்டிருந்தாரு.”

“அதனால?”

“அது பயமில்லீங்க. வெக்கம்.”

“கொளுத்தினவனுக்கு வெக்கமும் வரும். அந்தத் தாள்ல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா கேஸ் முடிஞ்சுது. வேற பிரதி எங்க கிடைக்கும்?”

“நம்ம பெட்ஃபோர்டு ஏரியாவுல ஒரு பிரௌசிங் சென்டர் இருக்குதுங்க. டிரையர் கம்பெனி அந்தப் புத்தகத்தை இன்டர்நெட்டுலயும் போட்டிருக்குதாம், அட்டையிலயே விலாசம் இருக்குது. மஃப்ளரைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. சக்கரத்துல மாட்டுச்சுன்னா அடுத்த கேஸ் நீங்கதான்.”

.

பிரௌசிங் சென்டர் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் திறப்பதற்குள் கீழே ஒரு தட்டு வர்க்கி விற்றுத் தீர்ந்துவிடும் போலிருந்தது. கடைசியில் கையேடு வந்தது. அதே அட்டை, அதே அத்தியாயங்கள். முடிவுக்குப் போனார்கள். சொல்லடைவு முழுசாகவே இல்லை. அந்த இடத்தில் ‘தேடுக’ என்று ஒரு சின்னக் கட்டம்.

“பரவால்ல,” என்றார் ஞானசேகரன். “புகைன்னு போட்டுத் தேடு. அவன் சொன்ன சாக்கு அதுதானே?”

ராஜி தட்டினாள். திரை நிரம்பியது. புகைபோக்கியின் உயரம். புகைபோக்கியைச் சுத்தம் செய்தல். புகைபோக்கிக்கு வர்ணம் பூசுதல். புகைபோக்கி மூடி. புகைபோக்கியில் பறவைக் கூடு. பக்கம் பக்கமாகப் புகைபோக்கி.

“புகைன்னு கேட்டா கூரைமேல ஏத்தி உட்டுடுதுங்க சார். குருவிக் கூடு வரைக்கும் தெரிஞ்சுபோச்சு, டிரையருக்குள்ள புகை வந்தா என்ன பண்றதுன்னு மட்டும் காணோம்.”

“புகை வாசம்னு போடு.”

ஒன்றும் இல்லை என்றது திரை. கருகல் வாசம் என்று போட்டாள். ஒன்றும் இல்லை. ஃபேன் என்று போட்டாள். மறுபடி ஒரு மலை வந்து விழுந்தது. ஃபேன் பெல்ட், ஃபேன் பேரிங், ஃபேன் வாங்கும் முகவரி.

“கம்ப்யூட்டர்னா எல்லாத்தையும் தேடிக் குடுக்கும்னாங்களே,” என்றார் ஞானசேகரன்.

“தேடுதுங்க. நாம சொல்ற எழுத்தைத் தேடுது. நாம என்ன கஷ்டத்துல கேக்கறோம்னு அதுக்கு என்ன தெரியும்?” ராஜி நாற்காலியைத் திருப்பினாள். இவரிடம் வருவதற்கு முன்பு அவள் கோயம்புத்தூரில் கல்லூரிப் பாடக் குறிப்புகள் அச்சிடும் பிரஸ் ஒன்றில், கடைசிப் பக்க இன்டெக்ஸ் தயார் செய்கிற வேலை பார்த்திருந்தாள். “இன்டெக்ஸுங்கறது அப்படி இல்லீங்க சார். ஒரு ஆளு உக்காந்து, படிக்கறவன் என்ன வார்த்தையோட வருவான்னு ரோசிச்சுப் போடறது. அவன் ‘வயித்து வலி’ன்னு வருவான், புத்தகத்துல ‘குடல் அழற்சி’ன்னு இருக்கும். ‘வயித்து வலி, காண்க குடல் அழற்சி’ன்னு நடுவுல ஒரு ஆளு நின்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவோணும். அந்த ஆளுதான் நானு. சம்பளம் சரியில்லைன்னு ஓடியாந்துட்டேன்.”

“இங்க மட்டும் சரியா?”

“இங்க காத்து நல்லாருக்குதுங்க.”

கீழே எஸ்.டி.டி. பூத். கம்பெனிக்குப் போன் போட்டு, கையேட்டை எழுதியது யார் என்று கேட்டு, இரண்டு மூன்று கைமாறி ஒரு பெண் குரல் வந்தது. ஷண்முகப்ரியா என்றது. ராஜி ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தாள்.

“இன்டெக்ஸா?” என்றாள் ஷண்முகப்ரியா. யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்ட ஆச்சரியம் குரலில் இருந்தது. “புக்குல இருக்குங்க. வெப்சைட்டுல எடுத்துட்டாங்க. தேடற வசதிதான் இருக்கே, அது எதுக்கு வெட்டியான்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

“புகை.”

தாள் புரளும் ஓசை. “‘புகை வாசம், தூளில்: காண்க ஹாட் ஏர் ஃபேன்.’”

“ஹாட் ஏர் ஃபேன்ல என்ன போட்டிருக்கீங்க?”

“ஒரு நிமிசம், அது ஹ வரிசை, கடைசித் தாள். ‘ஹாட் ஏர் ஃபேன்: புகை வந்தால் நிறுத்தாதிருத்தல், பக்கம் நாற்பத்தொண்ணு.’ ஏனுங்க, ஏதாவது ஆயிடுச்சா?”

ராஜி ஞானசேகரனைப் பார்த்தாள். ஞானசேகரன் பார்வையை ரோட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

“கடைசித் தாள்ல வேற என்னென்னங்க இருக்குது?” என்று கேட்டாள் ராஜி.

“வடமொழி எழுத்து எல்லாம் தமிழ் எழுத்து முடிஞ்சப்புறம்தானே வரும்? ஜ, ஷ, ஸ, ஹ. ஜெனரேட்டர், ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், ஸ்விட்ச், ஹாட் ஏர். மிஷினோட உசிரே அந்த ஒரு தாள்லதான் இருக்கு. ஒரு பக்கம்தான் அச்சு, பின்னாடி காலி.”

போனை வைத்ததும் ராஜி பூத்தின் பலகைமேல் கையேட்டைப் பரப்பினாள். காலையில் ஞானசேகரன் கிழிசலை மட்டும்தான் பார்த்திருந்தார். அவள் அச்சைப் பார்க்காமல் அழுக்கைப் பார்த்தாள். புத்தகத்தின் உள்பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. சொல்லடைவில் மட்டும் மிஷின் ஆயில் தடம்.

“இங்க பாருங்க சார். ‘புகை வாசம்’ வரிக்கு நேரா கட்டை விரல். வந்த ஆளு சரியான வரியைத்தான் புடிச்சிருக்காரு. ‘காண்க ஹாட் ஏர் ஃபேன்’னு படிச்சிருக்காரு. ஹாவைத் தேடோணும். எங்க போறாரு?”

அவள் முன்பக்கமாகப் புரட்டினாள். க வரிசை நெடுக மேலிருந்து கீழாக ஒரு எண்ணெய்க் கோடு.

“காதுக்குக் கா மாதிரி கேக்குது, அதனால கா-வுல தேடறாரு. இல்லை. அப்பறம் ஒவ்வொரு வரிசையா வராரு. ச, த, ப, ம... ஒவ்வொரு ஓரத்துலயும் விரல் இருக்குது. வ-வோட தமிழ் வார்த்தை முடியுது. அடுத்த தாள்தான் இல்லியே. பொறவு எங்க போயிருக்குது பாருங்க.”

பின்னட்டையின் உள்பக்கத்தில், வெறும் அட்டையில், நாலு விரலும் பதிந்து வழித்த கறை. கிழிசலின் மேல் ஏறி, அட்டைக்கு இறங்கியிருந்தது.

ஞானசேகரன் கறைமேல் விரலை வைத்துப் பார்த்தார். அவர் நிறுவ வந்தது அவர் கண்முன்னே தலைகீழாகிக்கொண்டிருந்தது. தாள் இருந்திருந்தால் எண்ணெய் தாளில் போயிருக்கும். அட்டையில் பட்டிருக்கிறது. அந்தக் கை வந்தபோதே தாள் அங்கே இல்லை.

“அவர் கிழிக்கலை,” என்றார் மெதுவாக.

“கிழிச்சதுக்கப்புறம் வந்து தேடியிருக்காருங்க. பக்கத்துல தூள் புகைஞ்சுட்டு இருக்கையில.”

ஆஸ்பத்திரியில் தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் ஞானசேகரனுக்கு இப்போது வேறு யாரோ பேசியதுபோலக் கேட்டது. அந்த வேறு யாரோவைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மஃப்ளரைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார்.

“நீ ஒண்ணும் சொல்லலியா?” என்றார். ராஜியிடமிருந்து ஒரு குத்தல் வந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

“இல்லீங்க,” என்றாள் ராஜி.

.

ஃபேக்டரி ஆபீசில் கீர்த்திவாசன் கால்குலேட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஞானசேகரன் எதிரே அமர்ந்தார்.

“உங்க வாக்குமூலத்தை எழுதிக்கணும். வெள்ளைத்தாள் ஒண்ணு குடுங்க.”

கீர்த்திவாசன் மேஜையின் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். பின்புறம் போன வருஷத்துத் தேயிலை ஏலக் கேட்டலாக் அச்சாகியிருந்தது. முன்புறம் காலி.

“இதுதாங்க இருக்குது. புதுப் பேப்பர் வாங்கறதை நிறுத்தியாச்சு. எது ஒரு பக்கம் காலியா இருந்தாலும் எடுத்து வெச்சுக்கறது.”

ராஜி ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தாள். டிரையர் பக்கம் நடந்தாள். இருவரும் பின்னால் போனார்கள்.

ஸ்விட்ச் போர்டுக்கு மறுபக்கம், புத்தகம் தொங்கிய ஆணியிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், காலையில் அவள் கண்ணில் பட்டிருந்த ஒரு அறிவிப்புப் பலகை. அதில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே ஒரு தாள் குத்தியிருந்தது. தீயின் சூட்டில் உறை பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. உள்ளே நீல மையில் பெரிய எழுத்து.

‘வேலையில் கவனக்குறைவு பொறுத்துக்கொள்ளப்பட மாட்டாது. – மேனேஜர்.’

ராஜி குண்டூசிகளைப் பிடுங்கித் தாளைத் திருப்பினாள்.

ஜ. ஷ. ஸ. ஹ. சுவரைப் பார்த்துக்கொண்டு இத்தனை நாளும் அங்கேயே இருந்திருந்தது.

ஞானசேகரன் கையேட்டைத் திறந்து தாளைக் கிழிசலோடு வைத்தார். பல்லும் பல்லும் கவ்வுவதுபோலப் பொருந்தியது.

கீர்த்திவாசன் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு தன் கையெழுத்தைப் பார்த்தார். கழுத்திலிருந்து ரத்தம் மேலே ஏறுவது தெரிந்தது.

“புத்தகத்துக்குக் கடைசில இருந்துச்சுங்க. வெறும் வார்த்தையும் நம்பருமா இருந்துச்சு. விசயம் எல்லாம் முன்னாடிதான இருக்குதுன்னு...” பாதியில் நின்றார். “எதுலிருந்து கிழிச்சேன்னுகூட நெனப்பில்ல சார். சத்தியமா இல்ல.”

“அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“ஏலத்துக்குப் போயிருந்தேன். எங்க தூளை யாரும் கேக்கலை. திரும்பி வரையில இங்க எரியுது.” சுருங்கிய பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கீழே போடவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. “இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவனைக் கொளுத்தினவன்னு சொன்னேங்க. எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

அவரை நாலு வார்த்தை கேட்பது ஞானசேகரனின் தொழில். வாய் வரவில்லை. இந்த ஆள் சொன்னதையாவது ஃபேக்டரிக்குள் சொன்னான். நாமோ வார்டு நடுவில் நின்று, ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னோம்.

“அறிக்கைல வருங்களா?” என்றார் கீர்த்திவாசன்.

“வரும்.”

“வரட்டுங்க,” என்றார் அவர்.

.

வார்டில் காலையில் இருந்த அதே முகங்கள். ஞானசேகரன் உள்ளே வந்ததும் எதிர்க் கட்டில்காரர் மறுபடி எழுந்து உட்கார்ந்தார். அன்னம் எழுந்து கணவனுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு?”

“நான் பேசினது தப்புங்க.” காலையில் கத்திய அளவுக்கே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்து வந்திருந்தார். பாதி சத்தம்தான் வந்தது. “லிங்கசாமி தீ வெக்கலை. தாளையும் அவர் கிழிக்கலை. அப்படித்தான் எழுதி அனுப்பியாச்சு. போலீஸ் வராது.”

கதவருகில் இருந்த பெண்கள் இப்போது இல்லை. அவர்கள் போய் ஊருக்கெல்லாம் சொன்னதைத் திரும்பப் பெற அவரிடம் வழியில்லை.

அன்னம் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். லிங்கசாமி ஞானசேகரனை முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

“தேடினேன்னு காலைலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க,” என்றார் ஞானசேகரன்.

லிங்கசாமி கட்டுகளைப் பார்த்தபடி இருந்தார். குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

“என்னன்னு சொல்றதுங்க. அது என்னமோ ஹான்னு போட்டிருந்துச்சு. பள்ளிக்கூடத்துல எங்க வாத்தியாரு சொல்லிக் குடுத்த வரிசைல அந்த எழுத்தே கெடையாதுங்க. அ-னாவுலருந்து சொல்லிப் பாத்தேன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்தேன். உள்ள புகையுது, நான் பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் எழுத்து ஒப்பிச்சிட்டு நிக்கறேன். எல்லாருக்கும் தெரிஞ்ச எடம், எனக்குத்தான் அம்புடலைன்னு நெனச்சேன். அப்பறம் பழைய மிஷினுக்குப் பண்ற மாதிரி அணைச்சேன்.” அன்னத்தைப் பார்க்காமல் சொன்னார். “எழுத்து தெரியாம மிஷினை எரிச்சவன்னு சொல்றதுக்குப் பதிலா வேணும்னு கொளுத்தினவன்னே சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேங்க.”

ஞானசேகரன் தாளை எடுத்து அவர் முன்னால் பிடித்தார். “எழுத்து கடைசில இருந்துச்சுங்க. ன-வுக்கு அடுத்தது. நீங்க கை வெச்ச எடம்தான். தாள்தான் இல்லை.”

லிங்கசாமி உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினார். “ஹா... ட்.” மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அன்னம். நான் தேடின எடம் சரிதானாம்.”

“சரிதானுங்க,” என்றாள் ராஜி.

“நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்குது. அதுல என்னங்க இருக்குது?”

ராஜியின் கையில் கையேடு இருந்தது. அவள் ஞானசேகரனைப் பார்த்தாள். ஞானசேகரன் வேண்டாம் என்று தலையசைக்க நினைத்தார். காலையில் இவரைத் தேவையில்லாததை எல்லாம் கேட்க வைத்த ஆளுக்கு, இப்போது இவர் கேட்பதை மறுக்க எந்த யோக்கியதையும் இல்லை என்று தோன்றியது.

“படிங்கம்மா,” என்றார் லிங்கசாமி.

ராஜி நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்தாள். “‘தூளில் தீய்ந்த நெடி எழுந்தால் அடுப்புக்கு விறகு போடுவதை நிறுத்தவும். ஃபேனை நிறுத்தக் கூடாது, ஓட விடவும். சூடு தானாக இறங்கிவிடும்.’”

லிங்கசாமி மேலே இன்னும் வரும் என்று காத்திருந்தார். ராஜி புத்தகத்தை மூடினாள்.

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதானுங்க.”

“சும்மா உட்டிருந்தா போதும்,” என்றார் லிங்கசாமி. தனக்குள் சொல்லிக்கொண்டார். மடியில் கிடந்த இரண்டு கட்டுகளையும் பார்த்தார். “ஒண்ணுமே பண்ணாம நின்னிருந்தா போதும்.”

அன்னம் ஆரஞ்சுச் சுளை ஒன்றை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் கையை எடுக்கவும் இல்லை.